நடக்க விடாத ஊரில் ஒரு காட்டுவழி

சென்னையிலிருந்து வந்த பேருந்து திண்டிவனம் ஊருக்குள் போகாது என்பதைப் பாலத்தருகே வந்த பிறகுதான் நடத்துனர் சொன்னார். அடுத்த நிமிடம் நானும் என் பெட்டியும் நெடுஞ்சாலை ஓரத்தில் நின்றோம். தங்கை வீடு அதிக தூரமில்லை, நடந்துவிடலாம் என்று பெட்டியை உருட்ட ஆரம்பித்தேன். பத்தடி போயிருக்க மாட்டேன், பால் கேன்களைக் கட்டிக்கொண்டு வந்த ஒரு டிவிஎஸ் வண்டி பக்கத்தில் நின்றது.

"எங்க சார் போணும்? ஏறிக்கோங்க."

பெட்டியை எங்கே வைப்பது என்று கேட்டேன். "மடியிலதான்," என்றார் அவர், அதையெல்லாம் ஒரு கேள்வியாகக் கேட்கிறீர்களே என்கிற முகத்தோடு. இரண்டு பால் கேன்களுக்கு நடுவே கால்களை மடக்கி, பெட்டியைக் கட்டிக்கொண்டு, நான் நடக்கவேண்டிய தூரத்தை நடக்காமல் கடந்து வீடு சேர்ந்தேன். பெயர்கூடச் சொல்லாமல் அவர் போய்விட்டார். எவ்வளவு நல்ல மனுஷர் என்று வாசலில் நின்று நினைத்துக்கொண்டேன். அடுத்த சில நாட்களில் இந்த நல்ல மனுஷர்களால் நான் படப்போகும் பாடு அப்போது தெரியாது.

நான் இருப்பது ஜெர்மனியில் ஒரு சிற்றூர். வீட்டுத் தெரு முடிந்ததும் காடு தொடங்கிவிடும். எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று மரத்தில் வர்ணம் பூசிக் காட்டியிருப்பார்கள். சைக்கிளுக்குத் தனி வழி, களைத்தவர்கள் உட்கார மர பெஞ்சு. எதிரே வருகிறவர் ஒரு வணக்கம் சொல்வார், போய்விடுவார். எங்கே போகிறாய், ஏன் போகிறாய் என்று ஒருவரும் கேட்கமாட்டார். அந்தக் காட்டைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவது என் வழக்கம். அதுதான் வினையாகிவிட்டது.

"காட்டுல நடக்கறேன், நடக்கறேன்னு படம் போட்டுக்கினே இருக்கியே, ஒரு தடவ இங்க வந்து இவர நடக்க வையிண்ணே," என்று தங்கை வசந்தா தொலைபேசியில் அழாத குறையாகச் சொன்னாள். அவள் திருச்சியில் பிறந்தவள். திண்டிவனத்துக்குக் கட்டிக்கொடுத்த இத்தனை வருஷத்தில் அவள் பேச்சில் 'போட்டுக்கிட்டு' எல்லாம் 'போட்டுக்கினு' ஆகிவிட்டது.

அவள் கணவர் ஏழுமலை உரக்கடை வைத்திருக்கிறார். சில மாதங்களுக்கு முன் நெஞ்சுவலி வந்து, அடைத்த ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். இன்னொரு குழாயிலும் அடைப்பு ஆரம்பித்திருக்கிறது. விழுப்புரத்தில் அவரைப் பார்க்கும் டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்: மாத்திரையோடு தினமும் நடந்தால் சமாளிக்கலாம், நடக்காவிட்டால் நெஞ்சைத் திறக்க வேண்டியதுதான். அதுவும் நின்று நின்று நடந்தால் கணக்கில் வராது, ஒரே மூச்சாக நடக்க வேண்டும். அடுத்த பரிசோதனைக்கு நாள் குறித்தாகிவிட்டது. ஏழுமலையோ வீட்டிலிருந்து கடைக்கும் கடையிலிருந்து வீட்டுக்கும் யாராவது ஒருவர் வண்டியில்தான் போய்வந்துகொண்டிருந்தார்.

நான் வந்த அன்று வசந்தா கேப்பைக்களியும் கீரைக்குழம்பும் செய்திருந்தாள். இந்தக் களிக்காகவே இன்னொரு முறை விமானம் ஏறலாம். ஏழுமலை கை கழுவ எழுந்தபோது வசந்தா குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "நெஞ்ச தொறந்தா இவரு தாங்குவாருன்னு எனக்குத் தோணலண்ணே." அவள் கையில் கரண்டி அப்படியே நின்றது.

மறுநாள் காலையில் இருவரும் கிளம்பினோம். தை மாதப் பனி, ஏழுமலை தலையில் மப்ளர். தெருமுனை தாண்டுவதற்குள் ஒரு வண்டி நின்றது. "இன்னாண்ணா, வண்டி எங்க? ஏறுங்க, கடையில வுட்டுட்றேன்." நான் வாயைத் திறப்பதற்குள் என் மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்துவிட்டார். போகும்போது என்னைப் பார்த்துக் கையை வேறு ஆட்டினார்.

"ஏன் மாப்ள, வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று அன்று மாலை சண்டை பிடித்தேன்.

"எப்பிடி மச்சான் சொல்றது? நேத்து ஒருத்தர் வண்டில ஏறினேன். இன்னிக்கு இவர் வண்டில மாட்டேன்னா, அவர் ஒசத்தி, நான் மட்டமான்னு நெனைப்பாரு. ஒருத்தர் வண்டில ஏறிட்டா எல்லார் வண்டிலயும் ஏறித்தான் ஆவணும்."

"டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கார்னு சொல்லுங்களேன்."

"சொன்னா ஆப்பிளும் ஹார்லிக்ஸும் எடுத்துக்கினு ஊரே வூட்டுக்கு வந்து நிக்கும். பேஜாரு. ஆஸ்பத்திரில இருந்தப்பவே கல்யாணத்துக்குப் போயிருந்தேன்னுதான் சொல்லி வச்சிருக்கேன்."

சுற்றுவட்டாரத்தில் எந்தப் பயிருக்குப் பூச்சி வந்தாலும் இலையைப் பறித்துக்கொண்டு அவர் கடைக்குத்தான் வருகிறார்கள். அதனால் அவரைத் தெரியாதவர் அந்தச் சாலையில் ஒருவரும் இல்லை. தெரிந்த மனுஷர் நடந்து போவதைப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தாமல் போவதை அவர்கள் பெரிய குற்றமாக நினைக்கிறார்கள்.

அடுத்த நாள் என் மூளையைப் பயன்படுத்தினேன். இரண்டு சைக்கிள் இரவல் வாங்கினேன். சைக்கிளில் போகிறவனை எந்த வண்டிக்காரன் ஏற்றிக்கொள்ள முடியும்? ஏரிக்கரை வரை எல்லாம் சரியாகத்தான் போயிற்று. அங்கே ஒரு மோட்டார்சைக்கிள் ஏழுமலைக்குப் பக்கத்தில் வந்து வேகத்தைக் குறைத்தது. "எதுக்குண்ணா மிதிச்சிக்கினு? தோள புடிச்சிக்கோங்க." ஏழுமலை அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். மிதிக்காமலே சைக்கிள் பறந்தது. நான் பின்னால் மூச்சிரைக்க மிதித்துக்கொண்டு போனேன். அன்று உடற்பயிற்சி கிடைத்தது எனக்கு மட்டும்தான்.

அமாவாசையன்று சாலை காலியாக இருக்கும் என்று நம்பினோம். ஊரில் பாதிப்பேர் மேல்மலையனூர் கோயிலுக்குப் போய்விடுவார்களாம். போகிற வேன் ஒன்று எங்களைப் பார்த்து நின்றது. "கோயிலுக்கா? எடம் இருக்குது, ஜல்தி வாங்க," என்றார் ஓட்டுநர். உள்ளே இருந்த பெண்கள் நகர்ந்து உட்கார்ந்து இடம்கூட விட்டுவிட்டார்கள். ஏழுமலை என்னைப் பார்த்தார். நான் அவர் மப்ளரைப் பிடித்துக்கொண்டேன்.

இனிச் சாலை வேண்டாம், காடுதான் சரி என்று முடிவு செய்தோம். ஏரிக்கரையைத் தாண்டினால் ஒலக்கூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்குப் போகும் பழைய வண்டிப்பாதை இருக்கிறது. முதலில் தைலமரத் தோப்பு, பிறகு காரையும் வெப்பாலையும் அடர்ந்த காப்புக்காடு. ஏற்றமில்லாத செம்மண் பாதை, குழந்தைகூட நடக்கலாம். மயில்கள் எங்களுக்காக அவசரப்படாமல் ஓரம் ஒதுங்கின. இலைகளிலிருந்து பனி சொட்டிக்கொண்டிருந்தது. வர்ணம் பூசிய மரமும் பெஞ்சும் இல்லை என்பதைத் தவிர என் ஊர்க் காட்டுக்கு இது ஒன்றிலும் குறைந்ததில்லை. இவ்வளவு அருகே இதை வைத்துக்கொண்டு இவர்கள் ஒரு படம்கூட எடுத்துப் போடவில்லையே என்று தோன்றியது.

ஏழுமலைக்கும் பிடித்துவிட்டது. "மல்லாட்ட வெத வாங்க வர்றவங்க இந்த வழியாத்தான் வருவாங்க. நான் ஒருநாளும் நடந்ததில்ல மச்சான்," என்றார். சொல்லி வாய் மூடவில்லை, பின்னால் வண்டிச் சத்தம் கேட்டது.

வந்தவர் முனுசாமி. பாதை முடிகிற கிராமத்தில் சொந்த நிலத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிறவர். அவருக்கும் ஏழுமலைக்கும் இருபது வருஷப் பழக்கம். இந்தச் சில நாட்களில் ஏழுமலையை அதிகம் ஏற்றிக்கொண்டு போனவரும் அவர்தான்.

"இன்னாண்ணா இந்தாண்ட? ஏறிக்கோங்க. மச்சான ரெண்டாவது நடையில வந்து இட்டுக்கினு போறேன்."

ஏழுமலையின் கால் தானாகத் தூக்கிக்கொண்டது. நான் அவர் கையைப் பிடித்து முறைத்தேன். அவர் தடுமாறிப்போய், "இல்ல முனுசாமி, வேணாம். நீ போ," என்றார்.

முனுசாமிக்குப் புரியவில்லை. பின் இருக்கையைத் திரும்பிப் பார்த்தார். மூட்டை ஏற்றிய தூசு படிந்திருந்தது. தோளிலிருந்த துண்டை எடுத்து நன்றாகத் துடைத்தார். "தொடச்சிட்டேண்ணா. உக்காருங்க."

"வேணாம்பா. போ."

முனுசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். ஏழுமலை அந்த இடத்திலிருந்து ஓரடிகூட முன்னே வைக்கவில்லை. வீட்டுக்குத் திரும்பினோம். எனக்கு என்மேலேயே எரிச்சலாக இருந்தது.

மல்லாட்டைக்கு ஜிப்சம் உரம் போடுகிற நேரம் அது. மறுநாள் ஏழுமலை கடையில் நல்ல கூட்டம். முனுசாமி வரவில்லை. எதிர்வரிசையில் இருக்கும் வேறொரு உரக்கடை வாசலில் அவருடைய வண்டி நின்றுகொண்டிருந்தது. மூட்டைகளைக் கட்டிக்கொண்டு இந்தப் பக்கம் பார்க்காமல் போனார்.

மதியம் ஏழுமலை சரியாகச் சாப்பிடவில்லை. "இருவது வருஷமா அவன் வேற கட வாசல மிதிச்சதில்ல," என்றார். வியாபாரம் போனதற்காகச் சொல்லவில்லை, குரலிலேயே தெரிந்தது. "சீட்ட தொடச்சான் பாத்தீங்களா மச்சான்?"

ஃபோன் செய்து பேசுங்கள் என்றேன். இதையெல்லாம் ஃபோனிலா பேசுவார்கள் என்று என்னையே திருப்பிக் கேட்டார். அவர் நடக்கட்டும் என்று வண்டிச் சாவியை வசந்தா ஒளித்து வைத்திருந்தாள். கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே இறங்கினார். நான் ஓடிப்போய் சேர்ந்துகொண்டேன்.

வெயில் சாய்ந்துகொண்டிருந்த நேரம். ஏரிக்கரை, தைலமரத் தோப்பு, காப்புக்காடு என்று அவர் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். என்ன பேச வேண்டும் என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தார். நான் மயிலைக் காட்டினேன், அவர் பார்க்கவில்லை. வேகம் கூடியபோது மட்டும் சட்டையைப் பிடித்து மெல்ல இழுத்தேன். அந்த நேரத்தில் பாதையில் ஒரு வண்டியும் வரவில்லை. காடு முடிந்து மல்லாட்டை வயல் பச்சையாக விரிந்தபோதுதான் எனக்கு உறைத்தது, என் மாப்பிள்ளை ஓரிடத்திலும் நிற்கவில்லை. சொன்னால் நின்றுவிடுவார் என்று வாயை மூடிக்கொண்டேன்.

முனுசாமி செடிகளின் அடியில் ஜிப்சம் தூவிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் அவருடைய மனைவிதான் "வாங்க, வாங்க" என்று வரப்புக்கு வந்தார். முனுசாமி நிமிரவில்லை.

ஏழுமலை வயலில் இறங்கிப் போய் அவருக்கு முன்னால் தன் வலது கையை நீட்டினார். மணிக்கட்டில் சின்னதாக ஒரு தழும்பு இருந்தது.

"இந்த எடத்துல ஒயரு மாதிரி ஒண்ண வுட்டு, நெஞ்சு வரிக்கும் போயி, ரத்தக்கொழாயில ஸ்டென்ட் வச்சாங்க முனுசாமி. டாக்டரு தெனம் நடக்கச் சொல்லியிருக்காரு. நடக்கலன்னா நெஞ்ச தொறக்கணும்னு சொல்லிட்டாரு. அதான் ஏறல."

முனுசாமி கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு அந்தத் தழும்பைக் கட்டைவிரலால் தொட்டுப் பார்த்தார். "கல்யாணத்துக்குப் போயிருந்தேன்னு சொன்னீங்களேண்ணா."

"பொய் சொன்னேன்."

"எத்தினி வாட்டி உங்கள ஏத்திக்கினு போயிருக்கேன். நடக்க வேண்டிய மனுசன நானே தூக்கித் தூக்கிக் கொண்டாந்து வுட்டிருக்கேனே." அவர் கண் கலங்கிவிட்டது. "இத மொதல்லயே ஒரு வார்த்த சொல்லக் கூடாதாண்ணா?"

இரண்டு பேரும் அந்த வயலில் ஒருவரையொருவர் சமாதானம் செய்துகொண்டு நின்றார்கள். முனுசாமியின் மனைவி கேப்பைக்கூழ் கொண்டுவரப் போனார். "உப்பு போடாத, அண்ணனுக்கு ஆவாது," என்று முனுசாமி பின்னாலேயே குரல் கொடுத்தார். எனக்கும் சேர்த்து உப்பில்லாக் கூழ் வந்தது. அதிகம் நடந்த பசியில் அதுவும் அமிர்தமாகத்தான் இருந்தது.

கிளம்பியபோது முனுசாமி பழக்கதோஷத்தில் வண்டியைக் கிளப்பிவிட்டு, "ஏறிக்கோங்கண்ணா," என்றார். எல்லோரும் அவரைப் பார்த்தோம். வண்டியை நிறுத்தினார். பிறகு அதைத் தள்ளிக்கொண்டு எங்களோடு ஏரிக்கரை வரை நடந்தே வந்தார். நடுவில் ஏதாவது ஆகிவிட்டால் வண்டி வேண்டுமில்லையா என்றார்.

"யார்கிட்டயும் சொல்லாத," என்று ஏழுமலை கேட்டுக்கொண்டார்.

"நான் எதுக்குண்ணா சொல்லப்போறேன்," என்றார் முனுசாமி.

மறுநாள் காலைக்குள் சாலை முழுக்கத் தெரிந்துவிட்டது. எதிரே வந்த வண்டிகள் வேகத்தைக் குறைத்தன. "நடங்கண்ணா, நடங்க" என்று சொல்லிவிட்டுப் போயின. தோளைப் பிடிக்கச் சொன்ன மோட்டார்சைக்கிள்காரர் ஒரு கும்பிடு போட்டுவிட்டு விலகிப் போனார். டீக்கடையில் கேட்காமலே சர்க்கரை இல்லாத டீ வந்தது. ஏழுமலை பஜ்ஜித் தட்டைப் பார்த்தார், கடைக்காரர் அதன்மேல் செய்தித்தாளைப் போட்டு மூடினார். வீட்டில் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் குவிந்துதான் விட்டன. வசந்தா வருகிறவர்களுக்கெல்லாம் காப்பி போட்டு ஓய்ந்துபோனாள், ஆனால் முகத்தில் ஒரு சிரிப்பு வந்திருந்தது.

"நிக்கலாம்னு பாத்தா எல்லாரும் பாக்கறாங்க மச்சான்," என்று ஏழுமலை அலுத்துக்கொண்டார். நிற்காமல்தான் நடந்தார். மீதியிருந்த நாட்களிலும் காட்டுவழியில் போய் வந்தோம். ஒருநாள் அந்த இரவல் சைக்கிள்களில் கிராமம் வரை மெதுவாக ஓட்டிக்கொண்டு போனோம். தோள் கொடுக்க ஒருவரும் வரவில்லை.

பரிசோதனைக்கு விழுப்புரம் போனோம். பேருந்தில் வசந்தா கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே வந்தாள். ஏழுமலையை ஓடும் பட்டையின் மேல் நடக்கவிட்டு, மார்பில் ஒட்டிய கம்பிகள் வழியாகத் திரையில் பார்த்தார்கள். "இங்க யாரும் வண்டி நிறுத்த மாட்டாங்களா மச்சான்?" என்று கேட்டுக்கொண்டே நடந்தார். டாக்டர் திரையை நெடுநேரம் பார்த்தார். "இப்போதைக்கு நெஞ்சைத் தொட வேண்டாம். நடையை மட்டும் விட்டுடாதீங்க," என்றார். வசந்தா அங்கேயே உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். திரும்பும் முன் பேருந்து நிலையத்துக்கு எதிரே மூவரும் நெய்யில்லாத தோசை சாப்பிட்டோம். நான் சாப்பிட்ட நல்ல தோசைகளில் அதுவும் ஒன்று.

ஆனாலும் ஒரு கவலை பாக்கியிருந்தது. நான் கிளம்பிப் போன பிறகு இவர் யாரோடு நடப்பார்? தனியாகப் போகிறவர் தெருமுனையிலேயே திரும்பிவிடுவார் என்று வசந்தாவும் சொன்னாள், நானும் நினைத்தேன்.

கடைசி நாள் காலையில் திரும்பி வரும்போது, காட்டு நடுவே என் வலது காலணியின் அடிப்பாகம் மொத்தமாகப் பிய்ந்து விழுந்தது. ஜெர்மனியில் காட்டில் நடப்பதற்கென்றே பெருமையாக வாங்கிய காலணி. வெயில் தாங்காமல் பசை விட்டுவிட்டது போலிருக்கிறது. கிழிந்ததை மாட்டிக்கொண்டு காரைமுள்ளில் கால் வைத்துத் துள்ளினேன். மாலையில் விமானநிலையம் போக வேண்டும். அப்போது பின்னால் வண்டிச் சத்தம் கேட்டது, முனுசாமி. எனக்கு உயிர் வந்தது. பாதை நடுவில் நின்று இரண்டு கைகளையும் ஆட்டினேன்.

அவர் நிறுத்தினார். காலணியைப் பார்த்தார், உச்சுக்கொட்டினார். வண்டியை விட்டு மட்டும் இறங்கவில்லை.

"ஏத்த மாட்டேன் சார்."

"எனக்கு நெஞ்சுவலி இல்ல முனுசாமி. கால்தான் வலிக்குது."

"தெரியுது சார். நீங்க ஏறிக்கினா அண்ணன் தனியாத்தான நடக்கணும்? இன்னிக்கு ஒரு நாள் நடந்துடுங்க. நாளைலேர்ந்து காலைல அவர்கூட நான்தான் நடக்கப்போறேன். வண்டிய ஏரிக்கரையிலயே வுட்டுடுவேன்." தோளிலிருந்த துண்டை எடுத்து என்னிடம் நீட்டினார். "இத கால்ல சுத்திக்கோங்க."

இருக்கையின் தூசு துடைத்த அதே துண்டு. அதை வாங்கிக் காலைச் சுற்றிக் கட்டிக்கொண்டு நிமிர்ந்தபோது வண்டி போய்விட்டிருந்தது. ஏழுமலை வெகு தூரம் முன்னால், தைலமரங்களுக்கு நடுவே கையை வீசிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். கூப்பிட்டேன். அவர் நிற்கவில்லை, தலையை மட்டும் திருப்பினார்.

"வாங்க மச்சான். நின்னா கணக்குல வராது."